கோடிங் எழுத இயந்திரம் வந்துவிட்டது, படித்துப் பார்க்க யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் சென்ற வாரம் வந்த, செயற்கை நுண்ணறிவும் மென்பொருள் வேலையும் பற்றிய கட்டுரை தொடர்பாக இதை எழுதுகிறேன். ‘இனி புரோகிராம் எழுத ஆள் தேவைப்படாது’ என்ற வரியைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். பொறியியல் கலந்தாய்வு நெருங்குகிறது. எந்தப் பிரிவை எடுப்பது என்று பிள்ளைகளும் பெற்றவர்களும் குழம்பிக் கிடக்கும் நேரத்தில் அந்த ஒரு வரி எத்தனை வீடுகளில் முடிவை மாற்றுமோ என்று கவலையாக இருக்கிறது. கட்டுரை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் பாதி விடுபட்டிருக்கிறது. எழுதும் வேலை மெல்ல இயந்திரத்துக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் எழுதியதைப் படித்து, இது சரி, இது தவறு என்று பொறுப்பேற்றுச் சொல்லும் வேலை இன்னும் மனிதரிடம்தான் இருக்கிறது. முன்பைவிடக் கூடியும் இருக்கிறது. அந்த வேலையை நம் கல்லூரிகள் சொல்லித் தருவதே இல்லை.

நான் திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய மென்பொருளில் எழுதிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். பீஸ் ரேட், ஷிப்ட், ஓவர்டைம், பி.எஃப்., தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ் என்று தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கைக்கு என்ன வருகிறது என்பதை முடிவு செய்யும் கணக்குகள் எங்களுடையவை. இப்போது என் முக்கியமான வேலை, மற்றவர்கள் எழுதியதையும் ஏ.ஐ. எழுதியதையும் படித்துப் பார்த்து வாடிக்கையாளருக்கு அனுப்பலாமா என்று சொல்வது. ஏ.ஐ. கருவிகளை நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். முன்பு யாரோ எழுதிவிட்டுப் போன பழைய புரோகிராம் என்ன செய்கிறது என்று விளக்கிச் சொல்ல அதைப் போல உதவியாளர் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. எதிர்ப்பு மனநிலையில் இதை எழுதவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மாற்றத்தின் வேகம் எனக்கும் தெரியும். 2021-ல் கிட்ஹப் கோபைலட் என்ற ஏ.ஐ. கருவி வந்தபோது, நாம் ஒரு வரியைத் தொடங்கினால் அடுத்த சில வரிகளை ஊகித்துத் தரும், அவ்வளவுதான். இன்றைய கருவிகள் முழு புராஜெக்டையும் திறந்து, எந்தெந்த ஃபைலில் கை வைக்க வேண்டும் என்று தாமே தேடி, மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிழை வந்தால் திருத்தி மறுபடி ஓட்டுகின்றன. 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கார்பதி என்ற ஏ.ஐ. விஞ்ஞானி ‘வைப் கோடிங்’ என்று ஒன்றைச் சொன்னார். வேண்டியதைப் பேச்சு வழக்கில் சொல்லிவிட்டு, வருவதைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளும் முறை அது. வார இறுதியில் செய்து பார்த்துத் தூக்கிப்போடும் சின்ன வேலைகளுக்கு இது மோசமில்லை என்றுதான் அவர் சொல்லியிருந்தார். அந்தப் பகுதி எல்லோருக்கும் மறந்துபோய், பெயர் மட்டும் உலகம் சுற்றி வந்துவிட்டது.

சுந்தர் பிச்சை சொன்னதற்கும் இதே கதிதான். 2024 அக்டோபரில் கூகுளின் காலாண்டுக் கணக்கை அறிவித்தபோது, தங்கள் நிறுவனத்தில் எழுதப்படும் புதிய கோடிங்கில் கால் பங்குக்கு மேல் ஏ.ஐ. உருவாக்குகிறது, அதைப் பொறியாளர்கள் பரிசீலித்து ஏற்கிறார்கள் என்றார். முதல் பாதி தலைப்புச் செய்தியானது. பரிசீலித்து ஏற்கிறார்கள் என்ற இரண்டாம் பாதியை எத்தனை பேர் அச்சிட்டார்கள்? அந்த இரண்டாம் பாதியில்தானே ஐயா வேலைவாய்ப்பு இருக்கிறது!

எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யும் பகுதியைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஏ.ஐ.யிடம் கொடுத்தோம். சில நிமிடங்களில் அழகாக எழுதித் தந்தது. இ.எஸ்.ஐ.யில் இருப்பதற்கான மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றிக்கொள்வது என எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே விளக்கக் குறிப்பு. கூடவே தானே எழுதிக்கொண்ட சோதனைகள், அவை அனைத்திலும் பாஸ். அதற்கு நடுவே ஒரு வரி இருந்தது: அந்த மாத மொத்தச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை.

படித்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அப்போது நடப்பில் இருந்த விதிகளின்படி அந்த ஒரு வரியில் இரண்டு தவறுகள் இருந்தன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலம் தொடங்கும்போது வரம்புக்குள் இருந்த தொழிலாளிக்கு நடுவில் சம்பளம் கூடி 21,000-ஐத் தாண்டினாலும், அந்தக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடர வேண்டும். தாண்டிய மாதமே நிறுத்தக் கூடாது. இது முதல் தவறு. வரம்புக்குள் இருக்கிறாரா என்று பார்க்கும்போது ஓவர்டைம் பணத்தைச் சேர்க்கக் கூடாது, ஆனால் பங்களிப்பைக் கணக்கிடும்போது அதையும் சேர்க்க வேண்டும். இயந்திரம் இரண்டு இடத்திலும் ஒரே தொகையைப் போட்டிருந்தது. இது இரண்டாவது.

19,200 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு பெண், ஆர்டர் நெருக்கடியில் 2,500 ரூபாய்க்கு ஓவர்டைம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 21,700. விதிப்படி அவரிடம் 163 ரூபாய் பிடித்து, முதலாளி 706 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். இயந்திரம் எழுதிய புரோகிராமோ அந்த மாதம் அவரை இ.எஸ்.ஐ.யிலிருந்தே வெளியே எடுத்துவிடும். அவர் கைக்கு 163 ரூபாய் கூடுதலாக வரும். யார் புகார் சொல்வார்கள்? தொழிலாளியும் சொல்ல மாட்டார், முதலாளியும் சொல்ல மாட்டார். மென்பொருளில் எந்தப் பிழைச் செய்தியும் வராது.

இன்னொருவர் ஜூன் மாதம் சூப்பர்வைசராகி 21,800 ரூபாய் வாங்கத் தொடங்குகிறார் என்றால் நிலைமை இன்னும் மோசம். அவருக்கு ஜூன் மாதத்திலேயே பங்களிப்பு நின்றுவிடும். ஏப்ரல், மே இரண்டும் சேர்ந்தால் அதிகபட்சம் 61 நாள். உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருக்கும்போது கிடைக்கும் நோய்க்கால உதவித்தொகைக்கு ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருக்க வேண்டும். ஆகவே அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை அவர் நோயில் படுத்தால் அந்த உதவி கிடையாது. மே மாதம் வரை ஒழுங்காகப் பணம் கட்டியவர், சட்டப்படி செப்டம்பர் வரை கட்ட உரிமையுள்ளவர், ஒரு வரியினால் எல்லாம் இழந்து நிற்பார். தவறு நடந்த மாதத்துக்கும் அது தெரியவரும் நாளுக்கும் நடுவே அரை வருடத்துக்கு மேல் இடைவெளி. அப்போது எந்த வரியினால் இது நேர்ந்தது என்று தேடி வருபவர் யார்?

இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு பெண். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவரல்ல, பி.காம். முன்பு ஒரு மில்லின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவேடும் இ.எஸ்.ஐ. கணக்கும் பார்த்தவர். புரோகிராமை மேலிருந்து கீழே வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். அந்த வரி வந்ததும், “அக்கா, ஜூலையில இன்கிரிமென்ட் போட்டா இந்த ஆளு என்ன ஆவாரு?” என்று கேட்டார். அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியது, இயந்திரத்துக்குத் தோன்றவில்லை. கேள்வியைக் கேட்டவுடன் இயந்திரம் மன்னிப்புச் சொல்லிச் சரியாகத் திருத்தித் தந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விதி அதற்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. கேட்க ஆள் வேண்டியிருந்தது.

அதன் சோதனைகள் எல்லாம் பாஸ் ஆனது எப்படி என்று சிலர் கேட்பார்கள். புரோகிராமை எழுதிய அதே புரிதலை வைத்துத்தான் சோதனையையும் எழுதியது. சம்பளம் 20,000, சம்பளம் 22,000 என்று இரண்டு ஆட்களை வைத்துச் சோதித்ததே தவிர, நடுவில் மாறுகிற ஆள் அதன் சோதனையில் இல்லவே இல்லை. கேள்வித்தாளையும் விடைத்தாளையும் ஒரே கை எழுதினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும்?

நாங்கள் சிறிய நிறுவனம் என்பதால் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2025-ல் உலகம் முழுவதும் புரோகிராம் எழுதுபவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், 84 சதவீதம் பேர் ஏ.ஐ.யைப் பயன்படுத்துகிறோம் அல்லது பயன்படுத்தப் போகிறோம் என்றார்கள். அதே கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் எரிச்சலோடு சொன்ன குறை, ‘கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது, ஆனால் சரியாக இல்லை’ என்பது. அதே ஆண்டு மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, தங்கள் புராஜெக்டுகளில் பல ஆண்டு பழக்கமுள்ள 16 பேரிடம் 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. அன்றைய ஏ.ஐ. கருவிகளோடு செய்த வேலைகள் 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தன. செய்தவர்களோ 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நம்பினார்கள். அதன் பிறகு கருவிகள் நிறைய முன்னேறிவிட்டன, ஆகவே அந்த 19-ஐ இன்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. என்னை உலுக்கியது அந்த நம்பிக்கைதான். அனுபவசாலிகளுக்கே தங்கள் நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை.

இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லும் பழக்கமும் இந்தக் கருவிகளுக்கு உண்டு. புரோகிராம் எழுதும்போது மற்றவர்கள் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பேக்கேஜ்களை எடுத்துச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 ஏ.ஐ. மாடல்களைக் கொண்டு 5,76,000 புரோகிராம் துண்டுகளை எழுதவைத்துப் பார்த்தபோது, பரிந்துரைத்த பேக்கேஜ்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லாத பெயராக இருந்தது. நிறுவனங்கள் வணிகமாகத் தரும் மாடல்களில் இது குறைவு, யாரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மாடல்களில் அதிகம்.  அந்த இல்லாத பெயரில் ஒரு திருடன் போய் உண்மையாகவே ஒரு பேக்கேஜை வைத்துவிட்டால், பெயரைச் சரிபார்க்காமல் இன்ஸ்டால் செய்பவரின் கம்ப்யூட்டருக்குள் அவன் நேராக நுழைந்துவிடுவான்.

2024 மார்ச்சில் ‘எக்ஸ்இசட்’ என்ற மென்பொருளில் நடந்ததை ஐ.டி. துறையினர் மறக்க மாட்டார்கள். ஃபைல்களைச் சுருக்கும் சிறு கருவி அது. உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி ஓடும் லினக்ஸில் இருப்பது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவி செய்வதுபோல் நடித்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அதற்குள் ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்துவிட்டார். அதைப் பிடித்தவர் ஆந்த்ரேஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். சர்வருக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று அவருக்கு உறுத்தியது. விடாமல் நூல் பிடித்துப் போய் மூலத்தைக் கண்டுபிடித்தார். இது ஏ.ஐ. செய்த தவறல்ல, மனிதர் செய்த சதி. ஆனால் அடுத்தவர் எழுதியதைச் சந்தேகத்தோடு படிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். இப்போது எழுதப்படும் கோடிங்கின் அளவு மலைபோல் ஏறிக்கொண்டிருக்கிறது. படிப்பவர்களின் எண்ணிக்கை அந்த வேகத்தில் ஏறவில்லை.

இனி நம் கல்லூரிகளுக்கு வருகிறேன். எங்கள் நிறுவனத்துக்கு இன்டர்வியூவுக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள். கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வருபவர்கள் அவர்களில் பலர். ஒரு தாளில் ஒரு புரோகிராமைக் கொடுத்து, ‘இது என்ன செய்கிறது, எங்கே தவறும்?’ என்று கேட்டால் திகைத்துப் போகிறார்கள். இதே புரோகிராமை எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள், மனப்பாடமாக. லேப் தேர்வு அப்படித்தான் நடக்கிறது. செமஸ்டர் முழுக்கச் செய்யும் பயிற்சிகள் ஒரு பட்டியலாக இருக்கும். அதில் ஒன்று தேர்வில் வரும். ரெக்கார்டு நோட்டில் எழுதியதை நினைவிலிருந்து அடித்து, அவுட்புட் காட்டி, வைவாவில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் முடிந்தது. மூன்று நான்கு ஆண்டுப் படிப்பில் மற்றவர் எழுதியதைக் கையில் கொடுத்து, குறை கண்டுபிடி என்று சொன்ன ஒரு தேர்வையாவது எழுதியதுண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் பதில் வருகிறது. இயந்திரம் எதை எடுத்துக்கொண்டதோ அதற்குத்தான் நாம் இன்னும் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதை மாற்றப் பெரிய செலவு எதுவும் ஆகாது. ஒரு தாள், ஒரு பேனா, ஒரு மணி நேரம் போதும். வீட்டு மின்கட்டணம் கணக்கிடும் ஐம்பது அறுபது வரி புரோகிராம் ஒன்றைக் கொடுங்கள். 2025-ல் இருந்த கட்டண முறையையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை என்பது நம் ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கணக்கு. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும் என்பது பில்லைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. படிக்கட்டு போல நேராக விலை ஏற்றும் ஒரு புரோகிராம் 500 யூனிட்டுக்குச் சரியான பில் தரும், 501 யூனிட்டுக்குத் தவறான பில் தரும். எந்த எண்ணைக் கொடுத்தால் இது தவறும், ஏன் தவறும், எந்த வரியை மாற்ற வேண்டும் என்று மாணவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும். பாலிடெக்னிக்கில் செய்யலாம், கலைக் கல்லூரியில் செய்யலாம், அண்ணா பல்கலைக்கழகம் நினைத்தால் லேப் தேர்வில் பாதி மதிப்பெண்ணை இதற்கு ஒதுக்கலாம். 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் எத்தனையோ புதிய பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றோடு அடுத்தவர் எழுதியதைப் படித்துச் சோதிக்கும் பயிற்சியையும் ஒரு பாடமாகவே வைக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. கருவி கைக்கு வரும்போது அதைச் சரிபார்க்கும் பழக்கமும் கூட வரட்டும்.

தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. ஒரு புரோகிராமைக் காட்டி, தமிழில் வரிவரியாக விளக்கு என்றால் ஏ.ஐ. இப்போது விளக்குகிறது. இந்தக் கருவிகள் எதையும் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும், செலவும் துண்டுக் கணக்கில்தான். முன்பு தமிழ் எழுத்துகளை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி எடுத்துக்கொண்டதால் ஆங்கிலத்தைவிடச் செலவு பல மடங்கு ஆனது. 2024-ல் வந்த, ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4ஓ மாடலில் தமிழுக்கான துண்டுகளின் எண்ணிக்கை முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. ஆங்கிலம் தடையாக நின்ற காலம் போய்க்கொண்டிருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசிரியர் கிடைக்காத ஊர்களில் இது பெரிய துணை. விளக்கத்தை வாங்கிக்கொண்டு, அது சரிதானா என்று புரோகிராமோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சியை மட்டும் ஆசிரியர்கள் கொடுத்துவிட வேண்டும்.

நிறுவனம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘இரண்டு ஃபிரஷர் செய்யும் வேலையை ஏ.ஐ. செய்துவிடுகிறது, எதற்கு ஆள் எடுக்க வேண்டும்?’ என்று என்னிடமே சிலர் கேட்கிறார்கள். இன்று சீனியராக உட்கார்ந்து பிழை கண்டுபிடிப்பவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்திப் பழகித்தான் இந்த இடத்துக்கு வந்தார்கள். அந்த வாசலை அடைத்துவிட்டால் பத்து ஆண்டு கழித்துப் படித்துப் பார்க்க யாரை வைத்துக்கொள்வீர்கள்? எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருபவரை முதலில் எதுவும் எழுதவிடுவதில்லை. வாடிக்கையாளரிடமிருந்து வரும் ஒரு புகாரைக் கொடுத்து, அது எந்த வரியினால் வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். கண்டுபிடித்ததை எதிரில் உட்கார்ந்து வாயால் விளக்க வேண்டும். விளக்க முடிந்த பிறகுதான் திருத்த அனுமதி. இப்படிப் பழகியவர்கள் ஏ.ஐ. தருவதையும் அதே கண்ணோடு பார்க்கிறார்கள்.

தங்களிடமும் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. கல்வி இணைப்பில் வாரம் ஒரு சிறு புரோகிராமைப் போட்டு, ‘தவறு எங்கே?’ என்று ஒரு பகுதி தொடங்குங்கள். குறுக்கெழுத்துக்கு ஒதுக்கும் இடம் போதும். பஸ் டிக்கெட், ரேஷன் அளவு, வங்கி வட்டி, லீப் வருடம் என்று நம் வாழ்க்கையில் இருக்கும் கணக்குகளையே எடுத்துக்கொள்ளலாம். விடையை அடுத்த வாரம், கண்டுபிடித்த மாணவரின் பெயரோடும் கல்லூரியின் பெயரோடும் வெளியிடுங்கள். முதல் சில வாரங்களுக்கான புரோகிராம்களை நானும் என் சக ஊழியர்களும் எழுதித் தருகிறோம், சன்மானம் எதுவும் வேண்டாம். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வரி எழுதினால் போதும், உடனே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மென்பொருள் பணியாளர்,
திருப்பூர்.